வாடகைப் பொந்து

அணில் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய பொந்து முதல் மழையிலேயே ஒழுகியது.

வாங்கும்போதே பெண்டாட்டி வடிவு கேட்டது. "இருக்கிற கடலை மொத்தத்தையும் கொட்டி வாங்குறீங்களே, நாளைக்கு ஒரு ஓட்டை உடைசல்னா என்ன செய்வீங்க?"

"வைரம் பாய்ஞ்ச வேம்பு. உனக்கென்னடி தெரியும்?" என்றது அணில்.

இப்போது குடிவந்த மைனா வாசலில் நின்றது. "அண்ணே, முட்டையெல்லாம் ஈரத்துல கிடக்கு. பொழுது சாயறதுக்குள்ள அடைச்சுக் கொடுங்க. இல்லேன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க."

அட்வான்ஸ் அன்றைக்கே புரோக்கர் காக்காயின் கமிஷனுக்குப் போய்விட்டது.

தச்சுவேலை பார்க்கும் மரங்கொத்தி வந்து பார்த்தது. "அடைக்கலாம். முப்பது கடலை. முதல்ல கூலி, அப்புறம் வேலை."

அணிலிடம் மூன்றுகூட இல்லை. காக்காயிடம் ஓடியது.

"வித்ததோட என் வேலை முடிஞ்சுது மாப்ளே. மழைக்கு நானா பொறுப்பு?" என்று காக்காய் அலகைத் துடைத்துக்கொண்டது.

வெறுங்கையோடு திரும்பினால், ஓட்டை அடைபட்டிருந்தது. மரங்கொத்தி கூலியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வடிவு நின்றது.

"ஏதுடி இவ்வளவு கடலை?"

"நீங்க கொண்டாந்ததுல தினம் ஒண்ணு ஒளிச்சு வச்ச சிறுவாடு. என் பிரசவத்துக்கு வச்சிருந்தேன்" என்றது வடிவு. வயிறு அப்போதே கனத்திருந்தது.

மறுநாள் அணில் கிளை கிளையாகப் போய், "நான்தான் சரி பண்ணினேன்" என்று பீற்றிக்கொண்டது. மைனாவிடமும் சொன்னது. மைனா வாடகைக் கடலையோடு அணிலைத் தாண்டிப் போய், கொடுக்க வேண்டியவளிடம் கொடுத்தது. வடிவிடம்.