முதல் தாள்

அவள் உள்ளே காலெடுத்து வைத்ததும் அச்சுக்கூடத்தில் பேச்சு நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மேலாளர் நாற்காலியில் அவள் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படித்தான். எந்திரத்திலிருந்து வரும் முதல் தாளை மேலாளரிடம் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே மற்றவை அச்சாகும். அது அந்தக் கூடத்தின் வழக்கம். இப்போது அந்தத் தாள் உதவி மேலாளரிடம் போகிறது.

இன்றும், 'மீசை' என்று எல்லோரும் அழைக்கும் மூத்த மெஷின்காரர், மை காயாத தாளோடு அவளை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார். உதவி மேலாளர் தொண்டையைச் செருமினார். மீசை சட்டென்று திரும்பி அவரிடம் தாளை நீட்டினார்.

அவளுடைய கண்ணாடி அறைக்குள் வந்ததும் உதவி மேலாளர் கதவைச் சாத்தினார்.

"பொம்பளைகிட்ட காட்டி ஓகே வாங்கணுமான்னு கேக்கறாங்க மேடம். எல்லாம் ஆட்டுமந்தை. மீசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்."

"என் மூஞ்சிக்கு நேரா ஒருத்தர்கூடச் சொன்னதில்லையே?"

"எப்படிச் சொல்வாங்க? நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அவங்களை நான் பார்த்துக்கறேன்."

அவள் நம்பினாள். நம்புவது அத்தனை சுலபமாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. பதவி உயர்வு வந்த அன்று சொந்த அண்ணனே, "ஆம்பளைங்களைக் கட்டி மேய்க்க உன்னால ஆகுமா?" என்றுதானே கேட்டான்?

மாலையில் முதலாளி வருவார். பொறுப்பை உதவி மேலாளருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

வாடிக்கையாளரைப் பார்க்க உதவி மேலாளர் வெளியே கிளம்பியதும், அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் மீசையின் முன்னால் நின்றாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"ஓடாதீங்கண்ணே! ஒரு பொம்பளைக்குக் கீழ வேலை பார்க்கறது அவ்வளவு கேவலமா? அப்படின்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இன்னியோட நான் விலகிக்கறேன்."

மீசை எந்திரத்தை நிறுத்தினார். மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் திருதிருவென்று விழித்தார்கள்.

"என்னம்மா இது? ஆம்பளைங்க யாரும் பக்கத்துல வரக் கூடாது, எதுன்னாலும் உதவி சார்கிட்டதான் சொல்லணும்னு அவர்கிட்ட நீங்கதானே சொல்லியனுப்பினீங்க?"