மூன்று வாரத்துக்கு ஒரு துணை

கையைத் தூக்கிய அடுத்த நொடியே, அதைக் கீழே இறக்கிவிடலாமா என்று இருந்தது பல் டாக்டரம்மாவுக்கு.

சர்ச்சில் ஆராதனை முடிந்து பாஸ்டர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை, நிலைமை சீராகும்வரை சபையாரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டம்.

"ஏழு வயசுப் பொண்ணு. அம்மாவுக்கு ஆபரேஷன். பார்த்துக்க வேற ஆள் இல்லை. மூணு வாரம்தான். யாராவது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் வக்கீல் மனைவியின் தோள் மட்டும் லேசாக அசைந்தது. போன மாதம்தான் சர்ச்சுக்குப் பியானோ வாங்கிக் கொடுத்துப் பேர் தட்டிக்கொண்டு போனவள். இதிலும் இவளேதானா என்று டாக்டரம்மா நினைத்ததுதான் தெரியும், கை தானாக மேலே போய்விட்டது.

வக்கீல் மனைவி கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடியிருக்கிறாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் கிடையாது. கீழே கிளினிக், மேலே வீடு. பகலெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லுவார்; மாடிக்கு வந்துவிட்டால் தன் வாயைத் திறக்க வேலையே இருக்காது.

திங்கட்கிழமை பாஸ்டர் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு பை. குழந்தை டாக்டரம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்து பார்த்தது.

"இங்க சில ஒழுங்கு இருக்கு பாப்பா. மிட்டாய் கிடையாது. ரெண்டு வேளை பல் தேய்க்கணும். ஒன்பது மணிக்குப் படுக்கணும்."

"சரி ஆன்ட்டி. நீங்க சாப்பிட்டீங்களா?"

"நான் அப்புறம் சாப்பிட்டுக்குவேன்."

"அப்ப நானும் அப்புறம்."

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு மேஜையில் குவிந்திருந்த பழைய பத்திரிகைகளை இடம் மாற்றவே பத்து நிமிஷம் ஆயிற்று.

"இன்னைக்கு யார் பல்லைப் பிடுங்கினீங்க ஆன்ட்டி? அவங்க அழுதாங்களா? உங்களுக்கு யார் பிடுங்குவா?"

மறுநாள் தங்கையிடம் போனில் அலுத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் தனியா இருக்கமாட்டேங்குதுடி. பாவம், பாசத்துக்கு ஏங்குது. எல்லா வேலையையும் ஒதுக்கிட்டு நான்தான் உக்கார்ந்து பேசிட்டிருக்கேன்."

"யாரு, நீயா?" என்றாள் தங்கை.

சாயங்காலமானால் குழந்தை கிளினிக் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி நோயாளி வெளியே போனதும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும். குழந்தைக்குக் காற்றாட வேண்டுமே என்று டாக்டரம்மாவும் போவார். எதிரே பதினெட்டு வருஷமாக லாண்டரி வைத்திருப்பவருக்கு மூட்டுவலி என்பது அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது.

இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லையாம். குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று டாக்டரம்மா கையைப் பிசைந்தார். ஊசி போடும்போது வலிக்காது என்று பொய் சொல்லித்தான் பழக்கம். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தார். குழந்தை அவர் முழங்கையைத் தட்டிக் கொடுத்தது.

"எங்க அம்மா தைரியசாலி. நீங்க பயப்படாதீங்க ஆன்ட்டி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் மனைவியின் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு டாக்டரம்மா சொன்னார்: "குழந்தை வளர்க்கப் பொறுமை வேணும். எல்லாராலயும் முடியாது." சொல்லிவிட்டு அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

காய்ச்சல் விட்டது. மூன்று வாரமும் முடிந்தது. அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரும்படி பாஸ்டர் கேட்டிருந்தார். டாக்டரம்மா மூன்று பக்கம் எழுதினார். வரிக்கு வரி 'நான்' என்று வந்திருந்தது. அடக்கமாகத் தெரியட்டும் என்று பாதியை அடித்துவிட்டார். 'சிறுமியிடம் ஏற்பட்ட மாற்றம்' என்று தலைப்பும் போட்டார்.

அம்மா பாஸ்டரோடு வந்தாள். இளைத்திருந்தாள், நடை இன்னும் தேறவில்லை. அவள் நன்றி சொன்னால் 'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா' என்று சொல்வதற்காகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் டாக்டரம்மா.

குழந்தை ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை. பிறகு பாஸ்டரை நிமிர்ந்து பார்த்தது.

"பாஸ்டர் அங்கிள், ஆன்ட்டி இப்பப் பரவாயில்லை. நல்லாப் பேசறாங்க. ரெண்டு தடவை சிரிச்சுட்டாங்க. இனிமே தனியா விடலாம்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. யார் வீட்டுக்கும் போகமாட்டேன்னு இவ ஒரே அழுகை. யாருக்காவது உதவின்னா மட்டும் முதல் ஆளா நிப்பா. அதான், ஒருத்தங்க பேச்சுத் துணைக்கு ஆளில்லாம இருக்காங்க, நீ போய் மூணு வாரம் பார்த்துக்கோன்னு பாஸ்டர்தான் இவகிட்டச் சொன்னார்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த மூன்று பக்கத்தையும் மெதுவாக மடித்தார்.

"அதுக்காகக் குழந்தைகிட்டப் பொய் சொல்லலாமா பாஸ்டர்?"

பாஸ்டர் இப்போதுதான் கூரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எதும்மா பொய்?"

டாக்டரம்மா குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"எனக்கு இன்னும் முழுசாச் சரியாகலை பாப்பா. வாராவாரம் வந்து பார்த்துட்டுப் போகணும். அம்மாவையும் கூட்டிட்டு வா."