கேட்டில் இருந்த போன்

ராஜமாணிக்கம் சார் வாங்கிய புதுக் கார், அவர் போனை மதிக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் ஸ்டீபனின் போனைத்தான் மதித்தது. சாருக்கு ரத்தம் கொதிக்க இது போதாதா?

சார், கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலைக்கு பெர்சனல் மேனேஜர். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே புளூடூத்தில் பேசலாம் என்று ஷோரூமில் சொன்னதிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. ஆனால் போனைக் காரோடு இணைக்கத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிக்கொள்ள வாயும் வரவில்லை. ஸ்டீபனை வரச்சொன்னார்.

சார் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும் மின்விசிறி சுற்றாவிட்டாலும் கம்பெனி நேரத்தில் போய்ப் பார்ப்பது ஸ்டீபன்தான். சாரின் சின்ன மகள் மோனிகாவுக்கு வீசிங், மூச்சு வாங்கினால் கரண்டில் ஓடும் மிஷின் வைக்க வேண்டும் என்று போன மாதம் வாங்கிய இன்வெர்ட்டரையும் அவன்தான் மாட்டினான். ஆறு வருஷமாக கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் லிஸ்ட்டில் திங்கட்கிழமை சார் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றா சொல்வான்?

முதலில் தன் போனை இணைத்துச் சோதித்தான். பிறகு சார் போனை இணைத்தான். கார் முதலில் வந்ததையே பிடித்துக்கொண்டது.

தொழிலாளிகள் யாரும் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். கேட்டில் செக்யூரிட்டி துளசிராமனின் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டிக்குப் பத்தடியில்தான் சார் காரும் நிற்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏசி போட்டு உட்கார்ந்தால், பெட்டிக்குள் கிடக்கும் ஸ்டீபனின் போன் காரோடு ஒட்டிக்கொள்ளும்.

அன்று பகல் ஊர் முழுக்கப் பவர்கட். ஆலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சார் காரில் சாய்ந்த ஐந்தாவது நிமிஷம் ஸ்பீக்கர் அலறியது. திரையில் பெயர் இல்லை, ஏதோ ஒரு லேண்ட்லைன் நம்பர். தன் போனில் எல்லாரையும் பெயராகவே பார்த்துப் பழகிய மனுஷர். எவனுக்கோ வந்தது என்று கட் செய்தார். மறுபடி வந்தது. மறுபடி கட். இப்படி ஐந்து தடவை.

ஸ்டீபனைக் கேட்டுக்கு இழுத்துவரச் சொன்னார். துளசிராமனும் ஷிப்டு மாறுகிற பத்துப் பதினைந்து பேரும் பார்க்க, வேண்டுமென்றே காரைக் கெடுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"லிஸ்ட்டுல உன் பேரு கீது இல்ல? ஒரு கோடு போட்டன்னா போச்சு."

ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டான். "பகல்ல எனக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க சார். அஞ்சு தபா வந்துச்சின்னா ஏதோ அவசரம். ஒரே ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்."

டூட்டி நேரத்தில் போனா, சட்டம் உனக்கு மட்டும் இல்லையா என்று சார் குதித்தார்.

அப்போது ஆறாவது தடவையாக அதே நம்பர் வந்தது.

"இரு. எந்தப் பொண்ணு பேசுதுன்னு எல்லாரும் கேக்கட்டும்." நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, சத்தத்தை முழுசாக ஏற்றி, சார் பச்சைப் பட்டனை அழுத்தினார்.

ஒரு பெண்ணின் அழுகைக் குரல் கேட் முழுக்கக் கேட்டது.

"ஸ்டீபன், இன்வெர்ட்டர் ஓடலப்பா. மோனிகாவுக்கு மூச்சு வாங்குது, மிஷின் போட முடியல. உங்க சாருதான் எப்பப் பண்ணாலும் கட் பண்ணுவாரு. நீயும் அஞ்சு தபா கட் பண்ணிட்டியே. இன்னும் பெர்மனென்ட்டு கூட ஆவல, அதுக்குள்ள அவர மாதிரியே ஆயிட்டியாப்பா?"