கழுத்துக்கம்பு

"ஏட்டி, இந்தப் பலகைய நீ எப்பம் பாப்ப?"

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஆவுடைத்தாய் கேட்ட கேள்வி அது.

பெட்டிக்கு மருந்து தடவும் சந்தனமாரி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சனிக்கிழம, சம்பளத்துக்கு வரிசையில நிக்கும்போது."

"அப்பம் சனிக்கிழம மட்டுந்தான் தீப் பிடிக்கும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை.

முன்வாசல் சுவரில் தொங்கிய அந்தப் பலகையில் பத்து விதிகள் இருந்தன. மூன்றாவதில்தான் உயிரே இருக்கிறது. குச்சி முனையில் ஏறுகிற மருந்து வேறு, பெட்டியின் பக்கத்தில் தடவுகிற மருந்து வேறு. இரண்டும் கலந்து காய்ந்தால் ஓர் உரசல் போதும்.

போன பங்குனியில் அப்படித்தான் பிடித்தது. கூட வேலை பார்த்த சண்முகராஜுக்கு இரண்டு கையும் இன்னும் மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் பலகை வந்தது.

ஆவுடைத்தாய்க்கு எழுத்து தெரியாது. மழை பொய்த்த வருஷம் ஆடுகளை விற்றுவிட்டு வேலைக்கு வந்தவள். ஒரு வாரம் முழுக்க மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பேசும்போது கை எங்கே போகிறது என்று பார்த்தாள்.

பிறகு குச்சி மருந்தை வாய் குறுகலான தகர டின்னுக்கு மாற்றச் சொன்னாள். அகப்பை மட்டும்தான் உள்ளே நுழையும். பக்க மருந்து அகலச் சட்டியிலேயே இருந்தது. அந்தச் சட்டிக்குரிய பிரஷ் ஒவ்வொன்றின் கழுத்திலும், காய்ந்த பருத்திச் செடியில் ஒடித்த பருத்திமார்க் குச்சி ஒன்றைக் குறுக்காக வைத்துக் கட்டினாள்.

ஃபோர்மேன் வெயிலுமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னட்டி, பிரஷ்ஷுக்குக் காவடி கட்டிக் கழுகுமலைக்கு அனுப்புதியா?"

"கழுத்துக்கம்பு அண்ணாச்சி. வேலிக்குள்ள நுழையுத ஆட்டுக்கு எழுதியா போடுதோம்? கழுத்துல குறுக்கக் கம்பு கட்டுதோம்லா."

"அப்பம் நாங்கள்லாம் ஆடாக்கும்" என்றாள் சங்கரம்மாள்.

"என் பிரஷ்ஷுக்கும் கட்டித்தான இருக்கேன், மதினி."

முதலில் கட்டியது நீளம். தடவும்போது அடுக்கிக் கட்டிய பெட்டிகளில் இடித்தது. இரண்டாவது நனைந்து முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாவதைக் கட்டி முடித்ததும் சந்தனமாரியின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, அவள் கண்ணைப் பொத்தி, கழுவி வைத்த காலி டின் பக்கம் திருப்பிவிட்டாள். நுழையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆவுடைத்தாய் சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மதியம் மழை பிடித்தது. பக்க மருந்து அறை ஒழுகியது. வேறு வழியில்லாமல் அகலச் சட்டியைத் தூக்கி வந்து குச்சி மருந்து டின்னுக்கு ஓரெட்டுத் தள்ளி வைத்தார்கள். கரிசல் சேறு அப்பிய கால்களோடு பதினோரு பேர் ஒரே கூரைக்குள் இருந்தார்கள்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. சரக்கு இன்னும் பாதி முடியவில்லை.

சந்தனமாரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கை அதுபாட்டுக்குப் பிரஷ்ஷோடு மருந்துக்குப் போனது.

டொக்.

கை அதற்குமேல் இறங்கவில்லை.

பருத்திமார்க் குச்சி டின்னின் விளிம்பில் முட்டி நின்றது. பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு விளிம்பில் விழுந்து, கொஞ்சம் யோசித்து, வெளிப்பக்கமாக வழிந்தது.

சந்தனமாரி பிரஷ்ஷை மெல்ல எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

திறந்த கதவு வழியாக நேர் எதிரே பலகை தெரிந்தது. மூன்றாவது விதி. 'பக்க மருந்து பிரஷ்ஷைக் குச்சி மருந்தில் விடக்கூடாது.' ஒரு புள்ளிகூடப் பிசகாத எழுத்து.

ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்த பிள்ளை என்று வெயிலுமுத்து அண்ணாச்சி அவளிடம்தான் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். பத்து விதியையும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

டின்னுக்கு அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் நின்றுகொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அது யார் எழுதிய பலகை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அந்தச் சொட்டைப் பார்த்தாள். ஈரத்துணியால் அடிவரைக்கும் துடைத்தாள். சந்தனமாரியின் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, கழுத்துக்கம்பின் முடிச்சை ஒருதரம் இறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.