ஏழாவது ஓட்டு

காட்டுப் பஞ்சாயத்துத் தேர்தலில் புதர்க் கட்சி ஓணான் நான்காவது முறையாகத் தோற்றது. முதல் மூன்று தடவையும் ஆறு ஓட்டு; இந்தத் தடவை ஏழு. மறுநாள் விடிந்ததுமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டது.

வழியில் காட்டெருமை மறித்தது. "நாலு தடவையும் ஜெயிச்ச நானே யாருக்கும் நன்றி சொன்னதில்லை. தோத்துப்போன நீ எதுக்குய்யா வீடு வீடா அலையிறே?"

"எங்க கட்சியில மொத்தமே ஆறு பேர்தாண்ணே. அந்த ஏழாவது ஓட்டு யார் போட்டதுன்னு தெரியல. அதான் ஒருத்தரை விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன். உங்களுக்கும் ரொம்ப நன்றிண்ணே."

காட்டெருமை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓணான் பக்கம் குனிந்தது.

"மெதுவாப் பேசுய்யா. உனக்கு யார் சொன்னது?"