சம்சாரம்னா என்ன சார்?

“சம்சாரம். இந்தியில என்ன அர்த்தம் சார்?” என்று கேட்டாள் ஃபெபி.

“உலகம்,” என்றார் ராமச்சந்திரன். டில்லி கரோல் பாக்கில் முப்பது வருஷமாக மொழிபெயர்ப்பாளர். அவரைப் போய், மகள் வயசுப் பெண் ஒருத்தி பரீட்சை வைக்கிறாள்!

எரிச்சல் எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. மூக்கு வேறு அரித்துத் தொலைத்தது. சொறியலாம் என்றால், பின்னால் நிற்கும் மல்ஹோத்ரா சாருக்கு ஆடக் கூடாது, அசையக் கூடாது.

“தெலுங்குல?”

“குடும்பம்.”

“சமஸ்கிருதத்துல?”

“பொறந்து, செத்து, மறுபடி பொறக்கிறது. அங்கேருந்துதான் எல்லா பாஷைக்கும் போச்சு.”

“மலையாளத்துல?”

“பேச்சு! எத்தனை தடவைம்மா இதையே கேப்பே?”

“கோவப்படாதீங்க சார். நேத்து சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்லணும். மல்ஹோத்ரா சாருக்குத் தமிழ் தெரியாது. நீங்க தடுமாறினா நான்தான் அவருக்குச் சொல்லணும்.”

அது அவருக்கும் தெரியும். இன்றைக்கு வார்த்தை தப்பினால் பிழைப்பே போச்சு.

“சரி, தமிழ்ல?”

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

வெளியே பெஞ்சில் அம்பிகா உட்கார்ந்திருக்கிறாள். கட்டி இருபத்தாறு வருஷமாகிறது. அவள் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அவள் தனக்கு யார் என்று சொல்லத்தான் வார்த்தை இல்லை. ஐயோ, இதுகூடவா மறக்கும்?

“ருக்கியே! நிறுத்துங்க சார்!” என்று கத்தினாள் ஃபெபி. அவரைப் பார்த்து அல்ல, அவருக்குப் பின்னால் பார்த்து.

மல்ஹோத்ரா “அச்சா, அச்சா” என்றார்.

“பொ... பொண்டாட்டி!” ராமச்சந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. “தமிழ்ல சம்சாரம்னா பொண்டாட்டி! என் சம்சாரம் பேரு அம்பிகா!”

ஃபெபிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அவள் விடவில்லை. உலகம், குடும்பம், பேச்சு, பொண்டாட்டி என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள். இந்த முறை எதுவும் தப்பவில்லை.

கடைசியில் மல்ஹோத்ரா ஏதோ முணுமுணுத்தார். ஃபெபி ராமச்சந்திரனின் மூக்கை மெல்லச் சொறிந்துவிட்டுச் சொன்னாள்.

“உங்க பேச்சு போகாம மூளைக் கட்டியை எடுத்தாச்சு சார், டாக்டர் மண்டையை மூடப் போறாரு.”