வேரோடு இருபது முடி

"இன்னும் பத்தே நிமிஷம் பொறுங்கண்ணே, டாக்டர் போன் பண்ணிடுவார்" என்று பசுவை ஏற்ற வந்த வேன்காரரிடம் கெஞ்சினாள் அவள்.

"பொறுத்து என்ன ஆகப்போகுது? கறக்கிறது ஏழு லிட்டர், தின்கிறது ரெண்டு மாட்டுத் தீனி. வந்த விலைக்கு வித்துட வேண்டியதுதான்" என்றான் கணவன்.

"முதல் ஈத்துங்க! காய்ச்சல்ல விழுந்து எழுந்த உடம்பு. அதுக்காகப் பால் அவ ரத்தத்துலயே இல்லைன்னு ஆயிடுமா?"

இரண்டு மாதமாக இதே ரகளைதான். பொறுக்க முடியாமல் மாட்டு டாக்டர்தான் பஞ்சாயத்து செய்து வைத்தார். "வால்ல இருபது முடி வேரோட பிடுங்கி அனுப்புங்க. பிறவியிலேயே பால் கறக்கிற தரம் எவ்வளவு இருக்குன்னு சோதனைக்கூடத்துல கணக்குப் போட்டுச் சொல்லிடுவாங்க."

தரம் இருந்தால் மாடு தங்கும், இல்லாவிட்டால் வேன் ஏறும். இதுதான் ஒப்பந்தம். அந்த வாரம் அவள் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்ததால், முடியைப் பிடுங்கி அனுப்பியது அவன்தான்.

பசுவின் காளைக்கன்று ஏற்கெனவே வேனில் ஏறியாயிற்று. பால் பண்ணைக்குக் காளை எதற்கு? அதில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அடிச்சது யோகம்! சோதிச்ச அறுநூறுல உங்களுதுதான் முதலிடம்!"

அவள் போட்ட கூச்சலில் கொட்டகையே அதிர்ந்தது. பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "என் ராஜாத்தியை விக்கப் பார்த்தீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

கணவன் திருதிருவென்று விழித்தான். பாவம், வெட்கப்படுகிறான் என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

"அப்ப கன்னுக்குட்டியோட நான் கிளம்பறேன்" என்று வேன்காரர் வண்டியை எடுத்தார்.

"ஒரு சின்ன விஷயம்மா..." போனில் டாக்டர் இழுத்தார். "முடி பசுவோடது இல்லையாம், காளையோடதுன்னு அடிச்சுச் சொல்றாங்க. காளைன்னா விட்றாதீங்க, சினை ஊசிக்கு எடுத்தா அதோட மகளுங்க ஆயிரம் தொழுவத்துல கறக்கும்!"

அவள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உன் ராஜாத்தி கிட்டப் போனாலே உதைக்கிறாடி! அவ பிள்ளை பக்கத்துல சாதுவா நின்னான்..."

"அடப்பாவி மனுஷா! அவன்ல பாதி இவதானே! ரெண்டு பேரும் இங்கதான் இருப்பாங்க!" என்று கத்திக்கொண்டே வேனைத் துரத்தினாள். அவளையும் முந்திக்கொண்டு, "அண்ணே, நிறுத்துங்கண்ணே!" என்று ஓடினான் அவன்.